தடுமாறும் இளம் குவாட்டர்பேக்: ரசிகர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

2024 அமெரிக்க ஃபுட்பால் சீசனின் முதல் ஆட்டத்தில் இளம் குவாட்டர்பேக் பிரைஸ் யங் எறிந்த முதல் பாஸே எதிரணிக்காரர் கையில் போய் விழுந்தது. நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸிடம் அவர் அணியான கரோலினா பாந்தர்ஸ் 47-10 என்று தோற்றது. அடுத்த வாரம் 26-3. அத்தோடு பயிற்சியாளர் டேவ் கனாலிஸ் அவரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, 36 வயது மாற்று குவாட்டர்பேக் ஆண்டி டால்டனை இறக்கினார். டால்டன் வந்த முதல் ஆட்டத்திலேயே 319 யார்டு எறிந்து ரெய்டர்ஸை ஜெயித்துக் காட்டினார். சரி, யங் கதை முடிந்தது என்று பலரும் எழுதி வைத்துவிட்டார்கள்.

அதற்கடுத்த நான்கு ஆட்டங்களிலும் டால்டன் தோற்றார். அதை யாரும் அவ்வளவாகப் பேசவில்லை. மாற்று ஆட்டக்காரர்மேல் ரசிகர்களுக்கு வரும் காதல் அப்படி. பெஞ்சில் இருக்கும்வரை அவரிடம் ஒரு குறையும் தெரியாது. எதிரணிகள் அவர் ஆட்டத்தை வீடியோவில் அலசி முடிக்கும்வரை களத்திலும் தெரியாது. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையை வைத்து மாற்று ஆளைக் கொண்டாடுவதைத்தான் தவறுகளில் முதலாவதாகச் சொல்வேன். அதுதான் அடிக்கடி நடக்கிறது.

அமெரிக்க ஃபுட்பாலில் குவாட்டர்பேக் என்பவர் ஏறக்குறைய ஒவ்வொரு தாக்குதலையும் பந்தைக் கையில் வாங்கித் தொடங்கி வைப்பவர். எந்த ரிசீவருக்கு (பாஸைப் பிடிப்பவருக்கு) எறிவது என்பதை இரண்டரை, மூன்று நொடிக்குள் முடிவு செய்ய வேண்டும். அதற்குள் முன்னால் நிற்கும் ஐந்து லைன்மேன்களில் ஒருவர் சறுக்கினாலும் போதும், எதிராளி வந்து குவாட்டர்பேக்கைச் சாய்த்துவிடுவார். அதற்குப் பெயர் சாக். யங் தன் முதல் ஆண்டான 2023-இல் 62 முறை அப்படிச் சாய்ந்தார். அந்த ஆண்டு அணி ஜெயித்தது இரண்டே ஆட்டம். சீசன் நடுவிலேயே தலைமைப் பயிற்சியாளர் ஃபிராங்க் ரைக்கை நீக்கினார்கள். அடுத்த ஆண்டு ராபர்ட் ஹன்ட், டேமியன் லூயிஸ் என்ற இரண்டு கார்டு லைன்மேன்களைப் பெரும் பணம் கொடுத்துக் கொண்டுவந்தார்கள். சாக் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தது. ஆனால் எல்லா சாக்கையும் லைன்மேன்கள் தலையில் கட்டிவிடவும் முடியாது. பந்தை எறியாமல் பிடித்துக்கொண்டே நின்று தானாக வாங்கிக்கொள்ளும் சாக்கும் உண்டு. ரீப்ளேயில் பந்தை விட்டுவிட்டு அவர் ஹெல்மெட் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள். முதல் ரிசீவரையே முறைத்துக்கொண்டு நின்றால் தவறு அவருடையது. அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பும் முன்பே மேலே ஒருவர் வந்து விழுந்தால் கேள்வியை வேறு யாரிடமோ கேட்க வேண்டும்.

புள்ளிவிவரத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு வாதாடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு அதே 2024 டிசம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த ஆட்டம் போதும். 22-16 என்று பாந்தர்ஸ் பின்தங்கியிருக்கிறது, கடைசி நேரம். யங் எறிந்த நீளமான பாஸ் புதுமுக ரிசீவர் சேவியர் லெகெட் கைக்கு வந்தேவிட்டது. அவர் தரையில் விழும்போது பந்து நழுவியது. பிடித்திருந்தால், அந்த ஆண்டு சூப்பர் பௌல் கோப்பையை வென்ற ஈகிள்ஸை அவர்கள் ஊரிலேயே வீழ்த்திய பையன் என்று பேசியிருப்பார்கள். தாளில் அது வெறும் ‘முழுமையாகாத பாஸ்’. பக்கத்திலேயே இருக்கும் ‘தோல்வி’யும் யங் பெயரில்தான் ஏறுகிறது.

ரசிகர்களுக்குப் பிடித்த இன்னொரு வாதம், “பெய்டன் மானிங்கும் முதல் வருடம் இப்படித்தான் ஆடினார்” என்பது. உண்மைதான். பின்னாளில் ஜாம்பவானான அவர் 1998-இல் 28 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட பாஸ்) எறிந்தார், அணிக்கு 3 வெற்றி, 13 தோல்வி. ஆனால் அதே ஆண்டு 26 டச்டவுனும் (புள்ளி சேர்க்கும் பாஸ்) எறிந்தார் என்பதை வசதியாக விட்டுவிடுவார்கள். அதே ஆண்டு டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) அவருக்கு அடுத்து எடுக்கப்பட்ட ரயன் லீஃப் அந்த ஆண்டு எறிந்தது 2 டச்டவுன், 15 இன்டர்செப்ஷன். மானிங்கைவிட இன்டர்செப்ஷன் குறைவு! அவர் தேறவே இல்லை. தப்பு எத்தனை என்று எண்ணுவதோடு, தப்புக்கு நடுவில் வேறு என்ன தெரிகிறது என்றும் பார்க்க வேண்டும்.

பஃபலோ அணியின் குவாட்டர்பேக் ஜாஷ் ஆலன் பெயரையும் இப்படித்தான் மந்திரம் போலச் சொல்கிறார்கள். 2018-இல் அவர் எறிந்ததில் 52.8 சதவீதம்தான் இலக்கைச் சேர்ந்தது, 2020-இல் 69.2. எருமை மாதிரி பொறுமையாகக் காத்திருந்ததால் பஃபலோவுக்குக் கிடைத்த பலன் என்று நினைப்பது தப்பு. இடையில் ஸ்டெஃபான் டிக்ஸ் என்ற முதல்தர ரிசீவரை வாங்கிக் கொடுத்தார்கள், தாக்குதல் பயிற்சியாளர் பிரையன் டேபோலை மாற்றாமல் வைத்திருந்தார்கள். முதல் ஆண்டு ஆடிய ஏழு ஆட்டத்திலும் தோற்ற குவாட்டர்பேக் ஜேரட் காஃபை, புதிய பயிற்சியாளர் ஷான் மெக்வே வந்த ஒரே வருடத்தில் வேறு ஆளாக்கினார். பையனுக்கு இன்னும் ஒரு வருடம் கொடுங்கள் என்று சொல்கிறவர்கள், அந்த வருடத்தில் அவரைச் சுற்றி என்ன மாறும் என்று சொல்ல வேண்டும். எதுவும் மாறாது என்றால் அது வெறும் காலம் கடத்தல்.

கொடுத்த விலையைச் சொல்லி ஒட்டிக்கொண்டிருப்பது வேறொரு வியாதி. யங்கை முதல் தேர்வாக எடுக்க ரிசீவர் டி. ஜே. மூரையும் பல டிராஃப்ட் தேர்வுகளையும் பாந்தர்ஸ் சிகாகோவுக்குக் கொடுத்தது. அதில் ஒன்றுதான் மறு ஆண்டின் முதல் தேர்வாகி கேலப் வில்லியம்ஸ் என்ற குவாட்டர்பேக்காக முடிந்தது. வலிக்கத்தான் செய்யும். ஆனால் அந்தப் பணம் போன பணம். யங்கை விரட்டினால் திரும்பி வராது, வைத்துக்கொண்டாலும் வராது. சான் ஃபிரான்சிஸ்கோ 49-யர்ஸ் இதைப் புரிந்துகொண்ட அணி. 2021-இல் மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளைக் கொட்டி எடுத்த குவாட்டர்பேக் ட்ரே லான்ஸை, 2023-இல் வெறும் நான்காம் சுற்றுத் தேர்வுக்கு டாலஸுக்கு அனுப்பிவிட்டார்கள். காரணம், டிராஃப்டின் கடைசி ஆளாக, 262-வதாக வந்த இன்னொரு குவாட்டர்பேக் பிராக் பர்டி. அவர் கையில் இருக்கும்போது கொடுத்த விலையை நினைத்துக் கண்ணைக் கசக்க அவர்கள் தயாராக இல்லை.

எதிர்ப்பக்கத் தவறும் இருக்கிறது, விலை அதில்தான் அதிகம். நியூயார்க் ஜயன்ட்ஸ், தன் குவாட்டர்பேக் டேனியல் ஜோன்ஸின் ஐந்தாம் ஆண்டு ஒப்பந்த உரிமையை (முதல் சுற்றில் வந்தவரை இன்னும் ஓராண்டு வைத்துக்கொள்ளும் உரிமை) வேண்டாம் என்றது. 2022-இல் ஒரு நல்ல சீசன் ஆடினார். உடனே நான்கு ஆண்டுக்கு 16 கோடி டாலர் ஒப்பந்தம். 2024 நவம்பரில் விடுவித்துவிட்டார்கள். முதல் சுற்றில் வந்தவரின் ஐந்தாம் ஆண்டைப் பற்றி அணிகள் மூன்றாவது சீசன் முடிந்ததுமே சொல்லிவிட வேண்டும். அதனால்தான் மூன்றாம் ஆண்டில் சண்டை உச்சத்துக்குப் போகிறது.

யங்கின் மூன்றாம் ஆண்டான 2025-இல் பாந்தர்ஸ் 8-9 என்று முடித்து, அந்தக் கணக்கிலேயே தன் நான்கு அணிப் பிரிவையும் வென்றது. பிரிவை வென்றதே என்கிறது ஒரு கூட்டம். ஒன்பது தோல்வி என்கிறது மற்றொன்று.