உயர்த்திய ஜீப் வளைவில் தடுமாறினால்

வாகனத்தின் உயரத்தைக் கூட்டும் மலிவான லிப்ட் கிட் பொருத்தியபின் ஜீப் தடுமாறினால், புதிய பாகங்களுக்குச் செலவிடுமுன், சமதரையில் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, சஸ்பென்ஷன் இணைப்புகளில் றப்பர் புஷ் (அதிர்வைத் தாங்கும் உறை) உள்ள போல்ட்டுகளைக் கழற்றாமல் தளர்த்தி, வாகனத்தைச் சற்று அமுக்கி அசைத்து, அதன் முழுப் பாரமும் சக்கரங்களில் இருக்கும் நிலையிலேயே உரிய அளவுக்கு மீண்டும் இறுக்குங்கள். பிறகு வீல் அலைன்மென்ட் பாருங்கள். ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கப்பட்ட புஷ், வாகனம் இறங்கியதும் முறுகிய நிலையில் சிக்கி, சஸ்பென்ஷனின் அசைவை எதிர்ப்பதோடு விரைவில் கிழிந்தும் போகும். இறம்பொடை மலைப்பாதை வளைவுகளில் இந்த முரண்டு நன்றாகவே தெரியும். தடையின்றிச் சுழலும் பொலியூரித்தேன் புஷ்களுக்கு இப்படித் தளர்த்தி இறுக்குவது பயன்படாது. வளைவு முடிந்தபின் ஸ்டியரிங் தானாக நேர்நிலைக்குத் திரும்பாவிட்டால், பெரும்பாலும் குறைந்திருப்பது காஸ்டர் கோணம், அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு. அதற்கு அந்தக் கோணத்தைச் சரிசெய்யும் பாகமே வேண்டும்.