கசெற் டெக்கால் சிக்னல் அளக்க முன் செய்ய வேண்டியவை

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் தண்ணீர் மோட்டார் ஒரு மாதிரிக் கீச்சிடத் தொடங்கியது. பழைய கசெற் டெக்கில் சத்தத்தைப் பதிந்து, கணினியில் நிறமாலை (எந்த மீடிறனில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் வரைபு) பார்த்தேன். 6 கிலோஹேட்ஸுக்கு மேலே ஒன்றுமே இல்லை. "பெயாரிங் நல்லாத்தான் இருக்கு" என்று மாடி முழுக்கச் சொல்லியும் விட்டேன். இரண்டு கிழமையில் மோட்டார் இறுகி நின்றது. கீச்சுச் சத்தத்தை விழுங்கியது என் டெக்.

பாட்டுக் கேட்பதற்கு 3 டெசிபெல் கூடிக் குறைவது பெரிய விஷயமில்லை. எந்த மீடிறனில் எவ்வளவு சக்தி என்று பார்க்கிறவருக்கு அது பாதிக்குப் பாதி பிழை.

முதலில் ஒரு சின்ன விளக்கம். டெக்கில் நாடா உரசிப் போகும் காந்தத் தலைதான் ஹெட். அது நாடாவிலுள்ள காந்தப் பாயத்தை அப்படியே வாசிப்பதில்லை; அது மாறும் வேகத்தைத்தான் வாசிக்கிறது. அதனால் மீடிறன் இரட்டித்தால் வோல்ற்றளவும் இரட்டிக்கும், அதாவது 6 டெசிபெல் ஏறும். டெக்குக்குள் இருக்கும் சமப்படுத்தி (ஈக்குவலைசர்) இதைச் சரிக்கட்டுகிறது. அதன் நேர மாறிலி நாடா வகைச் சுவிட்சால் மாறும்: சாதாரண நாடாவுக்கு 120 மைக்ரோசெக்கன், குரோம் நாடாவுக்கு 70. வாசிக்கும்போது இந்தச் சுவிட்ச் மாறி இருந்தால் 10 கிலோஹேட்ஸில் 4 டெசிபெலுக்கு மேல் பிழை வந்துவிடும்.

1. ஹெட்டைத் துடையுங்கள்

இதைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். கணக்கைப் பாருங்கள். கசெற் நாடா ஒரு செக்கனில் 4.76 சென்ரிமீற்றர் ஓடுகிறது. 10 கிலோஹேட்ஸ் அலை ஒன்று நாடாவில் பிடிக்கும் இடம் வெறும் 4.76 மைக்ரோமீற்றர். ஹெட்டுக்கும் நாடாவுக்கும் இடையில் ஓர் அலைநீள அளவு இடைவெளி வந்தால் வாசிக்கும்போது கிட்டத்தட்ட 55 டெசிபெல் இழப்பு. ஆக, 1 மைக்ரோமீற்றர் அழுக்கே 10 கிலோஹேட்ஸில் 11 டெசிபெலுக்கு மேல் தின்றுவிடும். அதே அழுக்கு 1 கிலோஹேட்ஸில் சுமார் 1 டெசிபெல்தான் எடுக்கும், காதுக்குத் தெரியாது. என் டெக்கில் நடந்தது இதுதான். பஞ்சுக் குச்சி மண்ணிறமாக வந்தது.

பாமசியில் ஐசோபுரோப்பைல் அற்ககோல் வாங்கி, ஹெட்டையும் நாடாவை இழுக்கும் உலோகத் தண்டையும் வடிவாகத் துடையுங்கள். இறப்பர் உருளைக்கு அற்ககோல் வேண்டாம், சவர்க்காரத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் இதை அடிக்கடி செய்ய வேண்டி வரும்.

2. ஹெட் சாய்வுத் திருகாணியைத் தொடலாமா?

நீங்கள் பதிந்ததை அதே டெக்கில்தான் வாசிக்கப் போகிறீர்கள், பதியவும் வாசிக்கவும் ஒரே ஹெட்தான் என்றால், தொடாதீர்கள். ஒரே சாய்வில் பதிந்து ஒரே சாய்வில் வாசிப்பதால் பிழை தானாகக் கழிந்துவிடும். வேறு டெக்கில் பதிந்த நாடா என்றால் மட்டும், உயர் மீடிறன் உச்சமாகும்வரை மெல்லத் திருப்புங்கள்.

3. டொல்பியை நிறுத்துங்கள்

டொல்பி என்பது நாடா இரைச்சலைக் குறைக்கும் சுற்று. தானியங்கி மட்டக் கட்டுப்பாடு இருந்தால் அதையும் நிறுத்துங்கள். இரண்டும் சத்தத்தின் அளவைப் பார்த்து வேலை செய்பவை. அவை ஓடும்போது எடுத்த அளவீட்டுக்குப் பொருளில்லை.

4. தொனிகளைப் பதியுங்கள்

ஓடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் 63, 125, 250, 500 ஹேட்ஸ், அப்புறம் 1, 2, 4, 8, 10, 12.5 கிலோஹேட்ஸ் என ஒவ்வொன்றும் 10 செக்கன் உருவாக்குங்கள். முதலில் கணினியின் வெளியீட்டை அதன் உள்ளீட்டிலேயே வயரால் இணைத்து அளந்து வையுங்கள். இல்லாவிட்டால் சவுண்ட் கார்ட்டின் குறையும் டெக்கின் கணக்கில் விழும்.

பதியும் மட்டம் மீற்றரின் பூச்சியத்திலிருந்து 20 டெசிபெல் கீழே இருக்கட்டும். பதியும்போது டெக் உயர் மீடிறன்களைத் தூக்கிவிடும். பூச்சியத்தில் பதிந்தால் அங்கே நாடா நிரம்பி வழிந்து, இல்லாத சரிவு ஒன்று தெரியும்.

5. வாசித்து அட்டவணை போடுங்கள்

1 கிலோஹேட்ஸை 0 என்று வைத்து மற்றவற்றின் வித்தியாசத்தை எழுதுங்கள். 63 ஹேட்ஸை நிறமாலையில்தான் பார்க்க வேண்டும். வெறும் மீற்றரில் நம் 50 ஹேட்ஸ் கரண்டின் இரைச்சலும் சேர்ந்துவிடும்.

மேல்முனை (உயர் மீடிறன் பக்கம்) சரிந்திருந்தால் பயஸ் குமிழைச் சற்றுக் குறைத்துத் திரும்பப் பதியுங்கள். பயஸ் என்பது பதியும்போது சிக்னலோடு சேர்க்கும் உயர் மீடிறன் மின்னோட்டம். மேல்முனை ஏறியிருந்தால் கூட்டுங்கள். ரொம்பக் குறைத்தால் கோடு மட்டமாகும், ஆனால் திரிபு கூடி, உண்மையில் இல்லாத இசையன்கள் (மூல மீடிறனின் மடங்குகள்) நிறமாலையில் முளைக்கும். எனக்கென்றால் 2 டெசிபெல் சரிவு பரவாயில்லை, திரிபுதான் வேண்டாம்.

6. மிச்சத்தைக் கணினியில் கழியுங்கள்

8 கிலோஹேட்ஸில் 2 டெசிபெல் குறைவு என்றால் நிறமாலையில் அங்கே 2 கூட்டுங்கள். 10 டெசிபெலுக்கு மேல் விழுந்த இடத்தைத் தூக்காதீர்கள், நாடாவின் இரைச்சல்தான் எழும்பி வரும். அந்தப் பகுதியை வெட்டிவிட்டு அளவீட்டைக் காட்டுவதே நேர்மை. 30 ஹேட்ஸுக்குக் கீழான அதிர்வுகளுக்கும் இந்த டெக் சரிவராது. அதற்கு சிக்னலை மீடிறன் பண்பேற்றமாக்கி (FM) பதியும் கருவிகள் வேறு இருக்கின்றன.

அட்டவணையைக் கசெற் உறைக்குள் மடித்து வையுங்கள். வேறு வகை நாடா வாங்கினால் நான்காம் படியிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும்.