டெர்மினலிலிருந்து யூஸ்நெட்டில் எழுதுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

யூஸ்நெட் என்பது தலைப்புவாரியான குழுக்களில் கட்டுரை போட்டு விவாதிக்கும் பழைய கணினி வலையமைப்பு. 1980-களில் அதில் எழுத பிநியூஸ் என்றொரு ஸ்கிரிப்ட் இருந்தது. பின்னாளில் பெர்ல் மொழியை உருவாக்கிய லாரி வால் எழுதிய ஆர்என் என்ற செய்தி வாசிப்பானோடு வந்தது அது. அனுப்புவதற்கு முன் நம்மைக் கொஞ்சம் பயமுறுத்தும்: இது உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளுக்குப் போகும், நூற்றுக்கணக்கான டாலர் செலவாகும், நிச்சயமாக அனுப்பத்தான் வேண்டுமா? அந்தச் செலவுக் கணக்கு இன்றைக்குச் செல்லாது. ஆனால் அப்படிக் கேட்க ஆள் இல்லாததுதான் கட்டளை வரியில் பாதித் தவறுகளுக்குக் காரணம். டின், எஸ்எல்ஆர்என் போன்ற வாசிப்பான்கள் சத்தமில்லாமல் பல வேலைகளை முடித்துத் தந்துவிடும். நாமே சர்வரோடு நேரடியாகப் பேசினாலோ, சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதினாலோ அத்தனையும் நம் தலையில்தான்.

முதலில் ஹெடர், அதாவது கட்டுரைக்கு மேலே வரும் விவர வரிகள். ஃப்ரம், நியூஸ்குரூப்ஸ், சப்ஜெக்ட் என்ற மூன்றையும் நாம் தந்தாக வேண்டும். தேதியும் மெசேஜ்-ஐடியும் (கட்டுரையின் தனி அடையாளம்) இல்லையென்றால் பொதுவாக சர்வரே போட்டுக்கொள்ளும். ஹெடர் முடிந்ததும் ஒரு வெற்று வரி விட வேண்டும். விடாவிட்டால் உங்கள் முதல் பத்தியையும் ஹெடர் என்று நினைத்து சர்வர் 441 என்ற பிழை எண்ணைச் சொல்லித் திருப்பிவிடும். ஹெடருக்கு மேலே வெற்று வரி வந்தாலும் இதே கதைதான். குழுப் பெயர்களுக்கு நடுவே காற்புள்ளி மட்டும் போதும். அதற்குப் பிறகு இடைவெளி விட்டால் பழைய மென்பொருள்கள் தடுமாறும்.

அடுத்தது புள்ளி. பார்க்கச் சின்னது, ஆனால் அதிகம் பேரைக் கவிழ்ப்பது இதுதான். செய்தி சர்வர்கள் பேசும் என்என்டிபி நெறிமுறையில், ஒரு வரியில் ஒரே ஒரு புள்ளி மட்டும் வந்தால் கட்டுரை முடிந்தது என்று பொருள். உங்கள் கட்டுரைக்கு நடுவில் அப்படி ஒரு வரி இருந்தால் அதுவரைக்கும் போஸ்ட் ஆகிவிடும். மிச்சத்தை சர்வர் கட்டளைகளாக எடுத்துக்கொண்டு, வரிக்கு வரி 500 (தெரியாத கட்டளை) என்று முனகும். புள்ளியில் தொடங்கும் வேறு எந்த வரியானாலும் முதல் புள்ளியை சர்வர் எடுத்துவிடும். மூன்று புள்ளி வைத்து வரியை ஆரம்பிக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு இரண்டுதான் மிஞ்சும். அதனால் புள்ளியில் தொடங்கும் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் இன்னொரு புள்ளி சேர்க்க வேண்டும். கட்டுரை அனுப்பும் ஐநியூஸ் கட்டளை இதைத் தானே பார்த்துக்கொள்ளும். சர்வரோடு நேரடியாகப் பேச உதவும் டெல்நெட் பார்க்காது.

டெல்நெட்டையே விட்டுவிடுவது நல்லது. 119-ஆம் போர்ட்டில் கடவுச்சொல் வெட்டவெளிச்சமாகப் போகும். 563-இல் டிஎல்எஸ் மறைகுறியாக்கம் உண்டு. அதற்கு ஓபன்எஸ்எஸ்எல்லின் எஸ்-கிளையன்ட் கட்டளையைத்தான் பலரும் எடுப்பார்கள். அங்கே ஒரு பொறி இருக்கிறது. பெரிய எழுத்து ஆர் அல்லது கியூவில் தொடங்கும் வரியை அது சர்வருக்கு அனுப்பாது, தனக்கு வந்த கட்டளையாக எடுத்துக்கொள்ளும். கியூ என்றால் இணைப்பைத் துண்டித்துவிடும். ஆர் என்றால் டிஎல்எஸ் பேச்சுவார்த்தையை மறுபடி தொடங்கப் பார்க்கும். பதில் கட்டுரைக்குத் தேவையான ரெஃபரன்சஸ் ஹெடரே ஆரில்தான் தொடங்குகிறது! குயட் என்ற ஆப்ஷனைப் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. கூடவே சிஆர்எல்எஃப் ஆப்ஷனும் வேண்டும், ஏனென்றால் என்என்டிபி வரி முடிவு யூனிக்ஸ் வரி முடிவு போன்றதல்ல.

ஸ்கிரிப்டுக்குள் கட்டுரையை ஹியர்-டாக்குமென்டாக (ஒரு முடிவுச் சொல் வரும்வரை நீளும் உரையாக) வைப்பவர்கள் அந்த முடிவுச் சொல்லை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். இல்லாவிட்டால் உரையில் இருக்கும் டாலர் குறியை ஒரு மாறி (வேரியபிள்) என்று நினைத்து ஷெல் விழுங்கிவிடும். பேக்டிக் குறிகள் இன்னும் மோசம்: நீங்கள் உதாரணமாகக் காட்டிய கட்டளையை உங்கள் கணினியிலேயே ஓட்டி, அதன் விடையை உலகத்துக்கு அனுப்பிவைக்கும். கடவுச்சொல்லைக் கட்டளையோடு சேர்த்துத் தட்டுவதும் வேண்டாம். அது ஷெல் ஹிஸ்டரியில் தங்கும், அதே கணினியில் இருக்கும் மற்றவர்கள் ஓடும் நிரல்களைக் காட்டும் பிஎஸ் கட்டளையை அடித்தாலும் தெரியலாம். நீங்கள் மட்டும் படிக்கும்படி 600 அனுமதி கொடுத்த தனிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு கூடுதல் வேலை உண்டு. கன்டென்ட்-டைப் ஹெடரில் யுடிஎஃப்-8 என்று சொல்லாவிட்டால் படிப்பவர் திரையில் குப்பைதான் தெரியும். சப்ஜெக்டில் வரும் தமிழை மைம் முறையில் குறியாக்கித்தான் அனுப்ப வேண்டும். வரி நீளத்தையும் கவனியுங்கள்: ஒரு வரிக்கு 998 பைட் வரைதான் அனுமதி. யுடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட் ஆவதால், என்டர் தட்டாமல் எழுதிய ஒரு நடுத்தரப் பத்தியே அந்த எல்லையைத் தாண்டிவிடும். சரி, ஃபோல்ட் கட்டளையால் மடித்துக்கொள்ளலாமே என்றால், அதன் பல பதிப்புகள் பைட்டைத்தான் எண்ணும், எழுத்துக்கு நடுவிலேயே வெட்டும். எடிட்டரிலேயே மடித்துவிடுவதுதான் எனக்குப் பிடித்த வழி.

ஒரே கட்டுரையைப் பல குழுக்களுக்கு அனுப்ப ஃபார்-லூப் போடுவதைப் போன்ற தப்பு வேறில்லை. 1994 ஏப்ரல் 12 அன்று இரண்டு வழக்கறிஞர்கள் கிரீன் கார்டு விளம்பரம் ஒன்றை ஆயிரக்கணக்கான குழுக்களில் ஸ்கிரிப்ட் வைத்துப் போட்டார்கள். யூஸ்நெட்டே கொதித்தது. எத்தனை குழு என்பதோடு, எப்படிப் போட்டார்கள் என்பதும் அந்தக் கோபத்துக்குக் காரணம். நியூஸ்குரூப்ஸ் ஹெடரில் பல பெயர்களைச் சேர்த்து அனுப்பினால் கட்டுரை ஒன்றே. ஒரு குழுவில் படித்தவருக்கு அடுத்த குழுவில் வாசிப்பான் அதை மறுபடி காட்டாது. தனித்தனியாக அனுப்பினால் படிப்பவர் எல்லாக் குழுவிலும் அதன்மேல் இடறி விழுவார். ஸ்பாமை அளக்க வந்த பிரைட்பார்ட் குறியீடும் இதைத்தான் எடைபோடுகிறது: ஒவ்வொரு போஸ்டிலும் உள்ள குழு எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைக் கூட்டும். 9 குழுவுக்குச் சேர்த்து அனுப்பினால் 3, தனித்தனியாக என்றால் 9. சேர்த்து அனுப்பும்போதும் ஃபாலோஅப்-டு ஹெடரில் ஒரே ஒரு குழுவைக் குறிப்பிட்டால் பதில்கள் சிதறாது.

தானாக ஓடும் ஸ்கிரிப்டுக்கு எச்சரிக்கையாக இன்னொரு பழைய கதை இருக்கிறது. 1993 மார்ச் 31 அன்று, ஏஆர்எம்எம் என்ற தணிக்கை நிரல் தன் செய்திகளுக்கே தானே எதிர்வினை காட்டி, யூஸ்நெட் நிர்வாகம் பற்றிய ஒரு குழுவில் ஏறக்குறைய 200 கட்டுரைகளைக் கொட்டிவிட்டது. உங்கள் ஸ்கிரிப்டுக்கு ஓர் எண்ணிக்கை உச்சவரம்பு வையுங்கள். மெசேஜ்-ஐடியையும் நீங்களே உருவாக்கி அனுப்புங்கள். பாதியில் இணைப்பு அறுந்தால் கட்டுரை போனதா இல்லையா என்று தெரியாது. அதே ஐடியோடு திரும்ப அனுப்பினால் முன்பே போயிருந்தாலும் இரட்டிப்பு ஆகாது.

சோதனையை நிஜக் குழுவில் செய்யாதீர்கள். மிஸ்க்.டெஸ்ட், ஆல்ட்.டெஸ்ட் எல்லாம் அதற்கென்றே இருக்கின்றன. ஐநியூஸில் அனுப்பாமலே, முடிவாக என்ன போகும் என்று திரையில் காட்டும் ஆப்ஷனும் உண்டு. கட்டுரையின் கடைசியில் வரும் கையெழுத்துக்கு (சிக்னேச்சர்) மேலே தனி வரியில் இரண்டு சிறு கோடும் (--) ஓர் இடைவெளியும் வர வேண்டும். வரிக் கடைசி இடைவெளியைத் துடைக்கும் எடிட்டர்கள் இதைக் கெடுத்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், அனுப்பியதும் 240 என்ற பதில் வந்தால் உங்கள் சர்வர் வாங்கிக்கொண்டது என்று மட்டுமே அர்த்தம். மட்டுறுத்துநர் உள்ள குழு என்றால் கட்டுரை அவருக்கு மின்னஞ்சலாகப் போயிருக்கும், அவர் பார்த்துத்தான் வெளியிடுவார். அவருடைய ஒப்புதலைக் காட்டும் அப்ரூவ்ட் ஹெடரை நீங்களே போட்டுக் குறுக்குவழி தேடாதீர்கள். போட்டதைத் திரும்பப் பெற கேன்சல் செய்தி இருக்கிறதே என்றால், போலி கேன்சல்கள் பெருகியதால் நிறைய சர்வர்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. ஆகவே பத்து நிமிடத்தில் கட்டுரை தெரியவில்லை என்று மறுபடி அனுப்பாமல், மெசேஜ்-ஐடியை வைத்து சர்வரிடமே கேளுங்கள். 430 என்றால் அந்த ஐடியில் அங்கே எதுவும் இல்லை. ஐநியூஸில் தோற்றுப்போன கட்டுரை பெரும்பாலும் உங்கள் ஹோம் டைரக்டரியில் டெட்.ஆர்ட்டிகிள் என்ற பெயரில் காத்திருக்கும்.