பெரிய ஊரும் மிரட்டும் ஊரும்: செட்டிநாட்டிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கமிருந்து வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்கள் விசா, சம்பளம், வாடகை எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார்கள். போகிற ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றும் போனில் பார்த்துவிடுகிறார்கள். ஆனால் அந்த எண்ணை வைத்து ஓர் ஊர் நம்மை எவ்வளவு மிரட்டும் என்று கணிக்க முடியாது. மூன்று கோடிக்கு மேல் ஜனம் உள்ள ஊரில் சில வாரங்களிலேயே காலூன்றியவர்கள் உண்டு. அதில் ஏழில் ஒரு பங்குகூட இல்லாத ஊரில் ஆறு மாதம் ஆகியும் தனியாகக் கடைக்குப் போகத் தயங்குகிறவர்களும் உண்டு.

அந்த எண்ணே நிலையானது இல்லை. 2018-இல் ஐ.நா. வெளியிட்ட பட்டியலில் உலகின் மிகப் பெரிய நகரம் டோக்கியோ, ஏறத்தாழ 3 கோடி 70 லட்சம் பேர். 2025 பட்டியலில் முதலிடம் ஜகார்த்தாவுக்கு, கிட்டத்தட்ட 4 கோடி 20 லட்சம். அடுத்தது டாக்கா. டோக்கியோ 3 கோடி 30 லட்சத்தோடு மூன்றாம் இடத்துக்கு வந்துவிட்டது. இதற்காக டோக்கியோவிலிருந்து யாரும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடவில்லை. நகரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அளக்கும் முறையை மாற்றினார்கள். சீனாவில் சோங்சிங் என்றொரு மாநகராட்சி இருக்கிறது. பரப்பு சுமார் 82,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல். ஜனத்தொகை மூன்று கோடியைத் தாண்டும். உள்ளே மலையும் வயலும் கிராமமும் இருக்கின்றன. 'உலகின் மிகப் பெரிய நகரம்' என்று யாராவது அதைக் காட்டினால் சிரித்துவிட்டுப் போங்கள்.

'சென்னையில் நாலு வருஷம் இருந்தவனுக்கு என்ன பயம்' என்பது அடுத்து வரும் பேச்சு. சென்னையில் நாம் வழி கேட்டே போய்ச் சேர்ந்துவிடுவோம். டீக்கடையில் ஒருவர், ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவர், மிச்சத்தை எதிரே வருகிறவர் சொல்லிவிடுவார். காரைக்குடியில் இன்னும் சுலபம், பெரியார் சிலையில் இறங்கி யார் வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்று சொன்னால் போதும். வெளிநாட்டு மாநகரத்தில் வழியைப் பலகைதான் சொல்லும், போன்தான் சொல்லும். நாள் முழுக்கக் கண் எதையாவது படித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதல் மாதம் சாயங்காலம் வீடு திரும்பும்போது தலை கனப்பதற்குக் காரணம் கூட்டம் அல்ல, இந்த ஓயாத வாசிப்புதான்.

நம் பக்கத்து ஆட்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. பெரியவர்கள் இடது வலது சொல்ல மாட்டார்கள். 'கிழக்கால போயி, ஊருணி தாண்டி வடக்கால திரும்பு' என்பார்கள். அதை விட்டுவிடாதீர்கள். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எது கிழக்கு என்று முதலில் பாருங்கள். மேலே வானம் தெரியாத ஊர்களில் போனின் திசைகாட்டியே கதி.

டோக்கியோ

அங்கே மிரட்டுவது நிலத்துக்குக் கீழே இருக்கும் ஊர். ஷிஞ்சுகு ரயில் நிலையத்தை 2018 வாக்கில் ஒரு நாளைக்கு 35 லட்சம் பேருக்கு மேல் பயன்படுத்தினார்கள். 2011 கணக்கெடுப்பில் காரைக்குடி நகரமே ஒரு லட்சத்துச் சொச்சம்தான். அந்த நிலையத்துக்கு வெளிவாசல்கள் மட்டும் இருநூறுக்கு மேல். தப்பான வாசலில் ஏறி வந்தால் போக வேண்டிய கட்டடம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும், சுற்றி வரக் கால் மணி நேரம் போகும். அதனால் யாராவது 'ஷிஞ்சுகுவில் சந்திக்கலாம்' என்று சொன்னால், சரி என்று சொல்வதற்கு முன்னால் எந்த வாசல் என்று கேளுங்கள். கிழக்கு வாசல், மேற்கு வாசல், தெற்கு வாசல் என்று திசையை வைத்தே பெயர் இருப்பதால் நமக்குப் பிடிபட்டுவிடும்.

இன்னொரு சங்கடம், பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது. முகவரி என்பது பகுதி, அதற்குள் பிரிவு, அதற்குள் தெருக்களால் சூழப்பட்ட ஒரு கட்டம், அதில் வீட்டு எண். தெருப்பெயரைத் தேடிக்கொண்டே நடந்தால் நடந்துகொண்டே இருக்கலாம். நிலையங்களுக்கு அருகிலெல்லாம் கோபன் என்கிற சின்னப் போலீஸ் சாவடி இருக்கும். வழி கேட்பதற்கென்றே அங்கே ஜனங்கள் போவார்கள், காவலர் வரைபடத்தை விரித்துக் காட்டுவார். போலீஸ் என்றதும் நமக்கு வரும் தயக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிடுங்கள். வீட்டு முகவரியை ஜப்பானிய எழுத்தில் போட்டோவாக வைத்திருங்கள், டாக்ஸிக்காரருக்கும் அது உதவும்.

ஊருக்கு ஒரே நடு என்பதும் இல்லை. ஷிஞ்சுகு, ஷிபுயா, இகெபுகுரோ, உவெனோ, டோக்கியோ நிலையம் என்று பல நடுக்கள். இவற்றைக் கோத்துக்கொண்டு யாமனோத்தே என்ற வட்டப்பாதை ஓடுகிறது, 30 நிலையங்கள், முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாமல் அதில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். எந்தச் சுற்றுலாத் தலத்தை விடவும் அது உங்களுக்குப் பயன்படும். நம்மவர்கள் நிறையப் பேர் இருப்பது எதோகவா வட்டாரத்து நிஷி-கசாயில், பெரும்பாலும் கணினித் துறை ஆட்கள். அங்கிருந்து நகருக்குள் வரும் தோசாய் பாதை காலை நெரிசலுக்குப் பேர்போனது. அந்தக் கூட்டத்திலும் சத்தம் இருக்காது. ரயிலில் போன் பேச மாட்டார்கள், நீங்களும் பேசாதீர்கள். நள்ளிரவை ஒட்டிக் கடைசி ரயில் போய்விடும். அதை விட்டால் டாக்ஸிக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு வாரம் நன்றாகச் சாப்பிடலாம்.

இவ்வளவு சொன்னாலும், பெரிய ஊர்களில் மனசுக்குச் சீக்கிரம் அடங்குகிற ஊர் டோக்கியோதான் என்பேன். ஒவ்வொரு நிலையத்தைச் சுற்றியும் கடை, மருத்துவர், பள்ளிக்கூடம் என ஒரு சின்ன ஊர் முழுசாக இருக்கிறது. உங்கள் நிலையம் பிடிபட்டால் போதும், மிச்சத்தைத் தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம்.

லண்டன்

லண்டன் வேறு மாதிரி. பெரும்பகுதியில் வீடுகள் இரண்டு மாடிக்கு மேல் போகாது, அதனால் வந்த புதிதில் 'இவ்வளவுதானா' என்று தோன்றும். ஆனால் ஊர் முடியவே முடியாது. பரப்பு சுமார் 1,570 சதுர கிலோமீட்டர், சென்னை மாநகராட்சியைப் போல் மூன்றரை மடங்குக்கும் மேல். ஜனம் 90 லட்சத்தை ஒட்டி. பாதாள ரயில் 1863-லேயே ஓட ஆரம்பித்துவிட்டது. இன்று எல்லோர் கையிலும் இருக்கும் அதன் வரைபடத்துக்கு மூலம் ஹாரி பெக் என்பவர் போட்டுக் கொடுத்து 1933-இல் வெளியான படம். கோடுகளைப் புரியவைக்க அவர் தூரத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. அதை நம்பி, லெஸ்டர் ஸ்கொயரிலிருந்து கோவென்ட் கார்டனுக்குப் படியிறங்கி ரயில் ஏறுகிறார்கள். இடைவெளி 300 மீட்டர்கூட இல்லை! மாறாக, படத்தின் ஓரத்தில் பக்கம் பக்கமாகத் தெரியும் நிலையங்கள் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும். தேம்ஸுக்குத் தெற்கே அந்தப் படம் வெறிச்சென்று இருப்பதைப் பார்த்து அங்கே ஊரே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பக்கம் சாதாரண ரயில்தான் அதிகம்.

வீடு பார்க்கும்போது கிலோமீட்டரைக் கேட்காதீர்கள், எத்தனை நிமிஷம், எத்தனை இடத்தில் மாற வேண்டும் என்று கேளுங்கள். மாறாமல் ஒரே பாதையில் 50 நிமிஷம் போவது, இரண்டு முறை மாறி 35 நிமிஷம் போவதை விட மேல். இது என் அபிப்பிராயம், ஆனால் முதல் குளிர்காலம் முடிந்ததும் நீங்களும் இதைத்தான் சொல்வீர்கள். டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். இருட்டில் போய் இருட்டில் திரும்பும்போது ஊர் இரண்டு மடங்காகத் தெரியும். ஈஸ்ட் ஹாம், ஹாரோ, வெம்ப்ளி, டூட்டிங் பக்கம் தமிழ்க் கடைகள் நிறைய. பலவற்றில் யாழ்ப்பாணத்துத் தமிழ்தான் காதில் விழும். ஈஸ்ட் ஹாமில் முருகன் கோயில் இருக்கிறது, பூசத்துக்கு நடைப்பயணம் போய்ப் பழகியவர்களுக்கு அது பெரிய தெம்பு.

நியூயார்க்

படத்தில் பார்த்துப் பார்த்து அதிகமாகப் பயந்துகொண்டு வருவது இந்த ஊருக்குத்தான். கழுத்து வலிக்க நிமிர்ந்து பார்க்கும் முதல் நாள் போனால், மன்ஹாட்டன் நமக்குப் புதிதே இல்லை. நகரத்தார் ஊர்களின் தெரு அமைப்பை நினைத்துக்கொள்ளுங்கள்: நூல் பிடித்த மாதிரி நேர்த்தெருக்கள், முகப்பு ஒரு தெருவில், பின்கட்டுக் கதவு அடுத்த தெருவில். மன்ஹாட்டனும் 1811-இல் போட்ட கட்டம்தான். தெருக்கள் எண்ணில் வடக்கே ஏறிக்கொண்டே போகும், அவென்யூக்கள் குறுக்கே. 20 தெரு நடந்தால் ஒரு மைல். கட்டத்தைச் சாய்வாக வெட்டிக்கொண்டு ஓடுவது பிராட்வே. தெற்கு நுனியில் மட்டும் கட்டம் குலைந்து பழைய சந்துகள் வரும். பாதாள ரயிலின் வெளிவாசல்களில் தெருமுனையைத் திசையோடு எழுதியிருப்பார்கள், வடகிழக்கு முனை, தென்மேற்கு முனை என்று.

சிக்கல் இரண்டு இடத்தில். எக்ஸ்பிரஸ் ரயிலில் தெரியாமல் ஏறினால் உங்கள் நிலையத்தைத் தாண்டிக்கொண்டு போய்விடும், ஏறுமுன் ரயிலில் போட்டிருக்கும் எழுத்தையோ எண்ணையோ பாருங்கள். இன்னொன்று குயின்ஸ் பகுதி. 64-ஆவது ரோடு, 64-ஆவது அவென்யூ, 64-ஆவது டிரைவ், 64-ஆவது தெரு என்று எல்லாமே உண்டு, எல்லாமே வேறு வேறு. பின்கோடு இல்லாமல் யாருக்கும் முகவரி அனுப்பாதீர்கள். அதே குயின்ஸில், பிளஷிங்கில் உள்ள பிள்ளையார் கோயில் கேன்டீனில் தோசை கிடைக்கும். பிள்ளையார்பட்டிக்காரர்கள் ஊர்ப் பெருமை பேசாமல் சாப்பிட்டுவிட்டு வரலாம். நம்மவர்களில் பலர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஜெர்சி சிட்டி, எடிசன் போன்ற இடங்களில்தான் குடியிருக்கிறார்கள், நியூயார்க் அவர்களுக்கு வேலைக்குப் போகும் இடம் மட்டுமே.

துபாய், சிங்கப்பூர்

துபாயில் ஜனம் நாற்பது லட்சத்தை ஒட்டித்தான். ஆனால் நான் மேலே சொன்ன ஊர்களை விட அதிகமாகத் திணறடிப்பது இதுதான். கடலோரமாக நீண்டு கிடக்கும் ஊர், நடுவில் ஷேக் சாயித் சாலை. எதிரே தெரியும் கட்டடத்துக்குப் போக நடைபாலம் தேட வேண்டும், கோடையில் அந்த நடையே ஆளைச் சாய்த்துவிடும். கால் நடக்காத ஊர் மனசில் பதியாது. மெட்ரோ 2009-இல் வந்தது. முடிந்தால் அதன் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் வீடு பாருங்கள். வாடகை மலிவு என்று ஷார்ஜாவில் தங்கினால் மிச்சம் பிடித்த பணத்தைக் காலை நெரிசலில் நேரமாகக் கட்டிவிடுவீர்கள். கட்டட வாசலில் மக்கானி என்று பத்து இலக்க எண் ஒட்டியிருக்கும், அதைக் குறித்து வைத்தால் முகவரிப் பிரச்சினை பாதி தீரும்.

சிங்கப்பூரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுமார் 735 சதுர கிலோமீட்டர், அறுபது லட்சம் பேர், பலகையில் தமிழ். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1859-இல் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலைக் கட்டிய நம் ஊர்ச் செட்டியார்கள் மார்க்கெட் தெருவில் கிட்டங்கி, அதாவது தொழிலும் தங்கலும் ஒன்றாக நடக்கும் கூடம், வைத்திருந்தார்கள். கப்பலில் வந்து இறங்கிய பெட்டியடிப் பையனுக்கு, அதாவது தொழில் பழக வந்த சிறுவனுக்கு, படுக்க இடம், ஊர்ச் சாப்பாடு, அதட்டிச் சொல்லிக்கொடுக்க ஒரு மேலாள், எல்லாம் அங்கேயே. ஊரின் பிரம்மாண்டத்தை அவன் தனியாகச் சந்திக்க வேண்டியிருக்கவில்லை. இன்று கம்பெனி கொடுக்கும் ஓட்டல் அறை சௌகரியமானதுதான், ஆனால் முதல் இரண்டு வாரம் தெரிந்தவர்கள் இருக்கும் வீட்டில் ஓர் அறை கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கடையில் கறிவேப்பிலை கிடைக்கும் என்பது வரைபடத்தில் இருக்காது.

எந்த ஊரானாலும், வேலையில் சேருவதற்கு முந்தின நாள் அதே காலை நேரத்தில் ஆபீஸ் வாசல் வரை ஒரு முறை போய்த் திரும்புங்கள். போனில் சார்ஜ் இல்லாத நேரத்துக்காக முகவரியும் ஒரு தொலைபேசி எண்ணும் எழுதிய காகிதம் பர்ஸில் இருக்கட்டும்.

அப்புறம், ஊரிலிருந்து அப்பா அம்மா வருவார்கள். வந்த மறுநாளே அவர்களைப் பாதாள ரயிலில் இறக்காதீர்கள். முட்டிவலி உள்ளவர்களுக்கு ஊரின் பரப்பை விடப் படிக்கட்டுதான் பெரிய மலைப்பு. லண்டன் பாதாள ரயில் நிலையங்களில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் படியில்லாத வழி உண்டு. நியூயார்க்கிலும் பல நிலையங்களில் லிஃப்ட் கிடையாது. டோக்கியோவில் லிஃப்ட் இருக்கும், ஆனால் எல்லா வாசலிலும் இருக்காது. எந்த வாசலில் என்று முன்னாடியே பார்த்து வையுங்கள். முதல் நாலைந்து நாள் பஸ்ஸில், கூட்டம் குறைந்த பதினொரு மணிக்கு மேல், ஜன்னல் பக்கம் உட்கார வைத்துக் கூட்டிப் போங்கள்.