பிரான்சில் அசிஸ்டென்ட் வேலை: நடுவில் வரும் நாலு லீவில் ஊர் சுற்றுவது எப்படி?

புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் "கடலூர், கடலூர்" என்று கூவுகிற வண்டியில் ஓடிப்போய் ஏறிப் பழகியவள் நான். மஞ்சக்குப்பத்து வீட்டுக்குப் போக அது போதும். பிரான்சில் முதல் லீவு தொடங்கிய சனிக்கிழமை காலையிலும் அதே நினைப்பில் பையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். கவுண்டரில் சொன்ன தொகையைக் கேட்டதும் அறைக்குத் திரும்பிப் படுத்துவிட்டேன். அந்த லீவு அப்படியே போனது.

இந்த வருஷம் பிரான்ஸ் பள்ளிக்கூடங்களில் ஆங்கில வகுப்புக்கு உதவும் அசிஸ்டென்டாகப் போகிறவர்கள் "அக்கா, எங்கெல்லாம் போகலாம்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஊர் கடைசியில் வரட்டும். கணக்கை முதலில் பார்ப்போம். ஒப்பந்தம் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை, ஏழு மாதம். வாரத்துக்கு 12 மணி நேர வகுப்பு. கைக்கு வருவது ஏறக்குறைய 800 யூரோ. நடுவில் நாலு வக்கான்ஸ், அதாவது பள்ளி லீவு, ஒவ்வொன்றும் இரண்டு வாரம்: அக்டோபர் கடைசியில் துஸ்ஸான் என்கிற புனிதர் திருநாள் லீவு, பிறகு கிறிஸ்துமஸ், பிப்ரவரி, ஏப்ரல். லீவு வாரங்களுக்குச் சம்பளம் பிடிக்க மாட்டார்கள்.

முதல் படி: உங்கள் ஸோன் எது?

பிரான்சை ஏ, பி, சி என்று மூன்று ஸோனாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் இரண்டு லீவும் எல்லோருக்கும் ஒன்றாக வரும். பிப்ரவரி, ஏப்ரல் லீவுகள்தான் ஸோனுக்கு ஸோன் மாறும். 2026-இல் குளிர்கால லீவு லியோன் இருக்கிற ஏ-வுக்கு பிப்ரவரி 7-லும், ஸ்ட்ராஸ்பூர் இருக்கிற பி-க்கு 14-லும், பாரீஸ், துலூஸ் இருக்கிற சி-க்கு 21-லும் தொடங்கியது. உங்கள் தோழி வேறு ஸோனில் இருந்தால் சேர்ந்து போவது ஒரு வாரமோ, அதுவும் இல்லையோதான். பணி ஆணையில் அகாதெமி, அதாவது உங்கள் கல்வி வட்டாரத்தின் பெயர் வந்த அன்றே கல்வி அமைச்சகத்தின் லீவு நாட்காட்டியை எடுத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

கையோடு இன்னொன்று. முதல் வாரத்தில் டைம்டேபிள் போடும்போது, உங்களைக் கவனித்துக்கொள்ளும் ஆசிரியரிடம் 12 மணி நேரத்தையும் மூன்று நான்கு நாளுக்குள் அடக்க முடியுமா என்று பணிவாகக் கேளுங்கள். வெள்ளிக்கிழமை கிடைத்துவிட்டால் ஒவ்வொரு வாரமும் ஒரு குட்டி லீவுதான். நான் கேட்கக் கூச்சப்பட்டேன். எனக்குத் திங்கள் காலை ஒரு வகுப்பு, வெள்ளி சாயங்காலம் ஒரு வகுப்பு.

இரண்டாம் படி: காகிதம்

நீண்டகால விசாவோடு போய் இறங்கியதும் அதை ஆன்லைனில் பதிவு செய்து உறுதிப்படுத்த வேண்டும். மூன்று மாத அவகாசம் உண்டு. ஆனாலும் அக்டோபருக்குள்ளேயே முடித்துவிடுங்கள், உறுதிச் சீட்டை அச்செடுத்துப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். இந்த விசாவை வைத்துக்கொண்டு பொது விசா முறையில் சேர்ந்த மற்ற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாள் வரை சுற்றலாம். இத்தாலி, ஸ்பெயின், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து எல்லாம் இதில் அடக்கம். லண்டனும் டப்ளினும் அடங்காது. வடக்கு பிரான்சின் லீல் நகரிலிருந்து லண்டன் ஒன்றரை மணி நேர ரயில்தான் என்று ஆசைப்பட்டு டிக்கெட் போட்டுவிடாதீர்கள், இந்திய பாஸ்போர்ட்டுக்குத் தனி விசா வேண்டும்.

எல்லையில் சோதனை இல்லை என்று யார் சொன்னாலும் பாஸ்போர்ட்டை அறையில் விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டாம். ஸ்ட்ராஸ்பூரில் டி எண் ட்ராமில் ஏறினால் ரைன் ஆற்றைத் தாண்டி ஜெர்மனியின் கேல் ஊரில் இறங்கலாம். சோப்பு, ஷாம்பு அங்கே மலிவு என்று மார்க்கெட்டுக்குப் போகிற மாதிரிதான் போவோம். அந்தப் பயணத்துக்கும் பாஸ்போர்ட் பையில் இருக்கட்டும்.

மூன்றாம் படி: எந்த லீவுக்கு எவ்வளவு

முதல் சம்பளம் வருவது அக்டோபர் கடைசியில், சிலருக்கு அதற்கும் பிறகு. துஸ்ஸான் லீவோ அதற்கு முன்பே தொடங்கிவிடும். அறைக்கு முன்பணம், போர்வை, குளிர்கோட்டு என்று ஊரிலிருந்து கொண்டுபோன பணமும் அதற்குள் கரைந்திருக்கும். ஆகவே அந்த லீவில் பக்கத்து ஊர்கள் போதும், காலையில் போய் இரவில் திரும்புங்கள். கிறிஸ்துமஸில் எல்லாமே விலை அதிகம். அப்போது சென்னைக்கு வந்துபோக நினைப்பவர்கள் ஒரு மாதச் சம்பளத்தை மறந்துவிட வேண்டியதுதான். ஸ்ட்ராஸ்பூர் கிறிஸ்துமஸ் சந்தையைப் பார்க்க நினைத்தால் லீவுக்குக் காத்திராமல் டிசம்பர் தொடக்கத்திலேயே ஒரு வார இறுதியில் போய்விடுங்கள், 24-ஆம் தேதியோடு கடையைக் கட்டிவிடுகிறார்கள். கையில் நாலு காசு சேர்ந்திருக்கும் பிப்ரவரியில்தான் தூரப் பயணம். ஸ்பெயினும் தெற்கு இத்தாலியும் அப்போது நம் உடம்புக்குத் தாங்கும், கூட்டமும் குறைவு.

நாலாம் படி: டிக்கெட்

வயது 27-க்குள் என்றால் பிரான்ஸ் அரசு ரயில்வேயான எஸ்என்சிஎஃப் தருகிற கார்த் அவான்தாஜ் இளைஞர் அட்டையை வாங்குங்கள். வருஷத்துக்கு 49 யூரோ, டிஜிவி என்கிற அதிவேக ரயில் டிக்கெட்டில் 30 சதவீதம் தள்ளுபடி. இரண்டு மூன்று தூரப் பயணத்திலேயே அட்டைக்காசு திரும்பிவிடும். அட்டை இருந்தாலும் முன்கூட்டியே எடுத்தால்தான் விலை இறங்கும். இரவுப் பயணத்துக்கு ஃப்ளிக்ஸ்பஸ், பகலில் காரில் இடம் பகிர்ந்துகொள்ள ப்ளாப்ளாகார்.

மலிவு விமானத்தில் ஒரு கண் வையுங்கள். "பாரீஸ்" என்று போட்டிருக்கும், இறங்குவது போவே என்கிற ஊரில். அது பாரீஸிலிருந்து 80 கிலோமீட்டருக்கும் மேல், நம்மூரில் புதுச்சேரியிலிருந்து சிதம்பரம் போவதைவிடத் தூரம். டிக்கெட் காசை பஸ் காசு தின்றுவிடும்.

கைப்பைக்கும் ஒரு விதி உண்டு, அதை நான் வலிக்க வலிக்கக் கற்றுக்கொண்டேன். அம்மா கொடுத்தனுப்பிய புளிக்காய்ச்சலை, பிப்ரவரி பயணத்துக்கென்று சிக்கனமாக மிச்சம் பிடித்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் முக்கால்வாசி வைத்திருந்தேன். ஸ்கேனரில் பை நின்றது. அந்த அலுவலர் மூடியைத் திறந்து முகர்ந்தார், மேலே மிதந்த நல்லெண்ணெயைச் சாய்த்துப் பார்த்தார், "திரவம்" என்றார். குழம்பும் திரவம், தொக்கும் திரவம், பல விமான நிலையங்களில் 100 மில்லிக்கு மேல் அனுமதி இல்லை. என் கண் முன்னாலேயே தொட்டியில் போட்டார். புளியோதரையாகக் கிளறி டப்பாவில் எடுத்துப் போயிருந்தால் தப்பியிருக்கும். பருப்புப்பொடிக்கும் பிரச்சினை வரவில்லை. ரயிலிலும் பஸ்ஸிலும் இந்தத் தொல்லையே கிடையாது. புளிக்காய்ச்சல் தீர்ந்துபோனால் பாரீஸ் வழியாகப் போகும்போது தமிழ்க் கடைகள் இருக்கிற லாசப்பல் பகுதியில் இறங்குங்கள். கார் துய் நோர் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம், கடைக்காரர் தமிழிலேயே விலை சொல்வார்.

ஐந்தாம் படி: தங்கும் இடம், விட்டுப்போகும் இடம்

போகிற ஊரில் ஹாஸ்டல் படுக்கை கிடைக்கும், சமையலறை உள்ளதாகப் பாருங்கள். அதைவிட நல்ல வழி, மற்ற ஊர் அசிஸ்டென்டுகளோடு பழகி வைத்துக்கொள்வது. அவர்கள் வந்தால் உங்கள் அறையில் தரையில் ஒரு பாய், நீங்கள் போனால் அங்கே ஒன்று.

பள்ளிக்கூடமே அறை கொடுத்திருந்தால், கிளம்புவதற்கு முன் நிர்வாகத்தில் கேளுங்கள்: லீவில் வெளிக்கதவைப் பூட்டுவீர்களா, ஹீட்டர் ஓடுமா, சாவி யாரிடம்? பிள்ளைகள் இல்லாத கட்டடத்துக்கு எதற்கு வெப்பம் என்று அணைத்துவிடுகிற இடங்கள் உண்டு. இரவு பத்து மணிக்குப் பெட்டியோடு வந்து பூட்டிய கேட்டைப் பார்த்து நிற்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையும் நவம்பர் 1, டிசம்பர் 25, ஜனவரி 1 போன்ற நாள்களிலும் சின்ன ஊர்களில் டவுன் பஸ் பெரும்பாலும் ஓடாது. திரும்பி வரும் நாளைச் சனிக்கிழமையாக வையுங்கள்.

ஏப்ரல் லீவு மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. 2026-இல் ஸோன் சி-யில் அது 18-ஆம் தேதி தொடங்கி மே 4 வரை ஓடியது, ஒப்பந்தமோ ஏப்ரல் 30-ஓடு சரி. அதாவது 17-ஆம் தேதியே கடைசி வகுப்பு. உங்களுக்கும் அப்படி விழுந்தால் அறையைக் காலி செய்வது, வங்கிக் கணக்கு, பெரிய பெட்டியை யாரிடம் விடுவது என்பதையெல்லாம் மார்ச்சிலேயே பேசி முடித்துவிடுங்கள். விசாவில் அச்சடித்திருக்கிற கடைசித் தேதியைப் பார்த்துவிட்டு அதன் பிறகு சென்னை டிக்கெட்டைப் போடுங்கள்.