தெரிந்த வசனத்தை ஆழமாகப் படிப்பது எப்படி? புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

வாக்குத்தத்த அட்டையில் (வேத வசனம் அச்சிட்ட அட்டை) பார்த்த வசனம், சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்த வசனம், இதையெல்லாம் நாம் நன்றாக அறிந்திருப்பதாக நினைக்கிறோம். ஆனால் பல நேரம் அவற்றைத்தான் நின்று படித்திருக்கவே மாட்டோம். அதனால் முதல்முறை முயல்கிறவர்கள் பழகிய வசனம் ஒன்றையே எடுங்கள். நான் வேதாகமத்தில் உள்ள புலம்பல் புத்தகத்தின் 3:22-23-ஐ (3-ஆம் அதிகாரம், 22, 23 வசனங்கள்) வைத்துச் சொல்கிறேன். வேதாகமம், ஒரு நோட்டு, பேனா, ஒரு மணி நேரம் போதும்.

படி 1: கையால் எழுதுங்கள்

"நாம் நிர்மூலமாகாதிருக்கிறது கர்த்தருடைய கிருபையே, அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை. அவைகள் காலைதோறும் புதியவைகள். உமது உண்மை பெரிதாயிருக்கிறது."

எழுதும்போது கண் வேகமாக ஓட முடியாது, அதுதான் இதில் லாபம். அர்த்தம் எழுத அவசரப்படாமல் கேள்விகளை மட்டும் எழுதிவையுங்கள். 'நாம்' என்றால் யார்? நிர்மூலமாகிற அளவுக்கு அப்படி என்ன நடந்தது? ஏன் காலைதோறும்?

படி 2: அதிகாரத்தின் தொடக்கத்துக்குப் போங்கள்

என்னைக் கேட்டால், இந்தப் படி ஒன்றைச் செய்தாலே பாதி வேலை முடிந்தது. 3:1-லிருந்து சத்தமாக வாசியுங்கள், நடுவில் நிறுத்த வேண்டாம். இதே மனிதர், நான் கதறினாலும் என் ஜெபத்துக்கு வழியை அடைத்துவிட்டார் என்கிறார் (வசனம் 8). தேவனைப் பதுங்கியிருக்கும் கரடி என்றும் சிங்கம் என்றும் சொல்கிறார் (10). 18-ஆம் வசனத்தில் தன் நம்பிக்கையே அழிந்துபோனதாகச் சொல்லிவிடுகிறார். அதற்கு நாலே வசனம் தள்ளித்தான் நம்முடைய வசனம் வருகிறது! இடையில் யாரும் வந்து அவரை மீட்கவில்லை, நிலைமையும் மாறவில்லை. 21-ஆம் வசனத்தில் அவர் செய்வதெல்லாம் ஒன்றை மனதிலே வைப்பதுதான். நல்ல காலத்தில் நன்றி சொல்லும் வசனம் என்று நினைத்திருந்தால், இங்கே அது முழுக்க வேறாகத் தெரியும்.

படி 3: காலத்தையும் இடத்தையும் பாருங்கள்

இதற்கு 2 இராஜாக்கள் 25-ஐ வாசியுங்கள். யூதாவின் ராஜா சிதேக்கியா ஆண்ட ஒன்பதாம் வருஷத்தில் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமை முற்றுகையிடுகிறான், பதினோராம் வருஷத்தில் மதில் உடைகிறது, அப்புறம் ஆலயத்தையே எரிக்கிறார்கள். கி.மு. 586 வாக்கில் நடந்தது இது. உள்ளே இருந்தவர்களின் பசியைப் புலம்பல் 4-ஆம் அதிகாரம் சொல்கிறது. தாகத்தில் பச்சைக் குழந்தையின் நாக்கு மேல்வாயோடு ஒட்டிக்கொண்டது என்கிற 4:4-ஐ வாசித்துவிட்டு, 'நாம் நிர்மூலமாகாதிருக்கிறது' என்பதை மறுபடி சொல்லிப் பாருங்கள். அந்த 'நாம்', உயிரோடு மிஞ்சிய கொஞ்சம் பேர்.

படி 4: பாடலின் அமைப்பு

இதைச் சுருக்கமாகப் பார்த்தால் போதும். புலம்பலில் ஐந்து பாடல்கள். முதல் நான்கும் எபிரெய எழுத்து வரிசையில் அமைந்தவை, நாம் அ, ஆ, இ என்று ஒவ்வொரு எழுத்தாகத் தொடங்கிப் பாடுவதைப் போல. எபிரெயத்தில் 22 எழுத்துகள், அதனால்தான் மற்ற அதிகாரங்களில் 22 வசனங்கள். மூன்றாவதில் மட்டும் எழுத்துக்கு மூன்றாக 66. நம் வசனம் இருப்பது நடுவில் உள்ள இந்தப் பெரிய பாடலில்தான். புத்தகம் இதோடு முடிவதில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், கடைசி வசனமான 5:22 இன்னும் வேதனையில்தான் நிற்கிறது.

படி 5: யார் யாரிடம் பேசுகிறார்?

எழுதி வைத்ததில் 'கர்த்தருடைய', 'அவருடைய', 'உமது' மூன்றையும் வட்டமிடுங்கள். தேவனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று தேவனிடமே பேசத் தொடங்குகிறார், வழி அடைபட்டதாகச் சொன்ன அதே ஜெபம்! எனக்கு இந்தப் பகுதியிலேயே மிகவும் பிடித்த இடம் இது. மெதுவாகப் படித்தால் மட்டுமே கண்ணில் படும்.

படி 6: ஒத்த வசனங்கள்

நிறையத் தேட வேண்டாம், இரண்டு போதும். யாத்திராகமம் 34:6-ல், இஸ்ரவேலர் பொன் கன்றுக்குட்டியைச் செய்து வணங்கிய விஷயத்துக்குப் பிறகு, கர்த்தர் தம்மை இரக்கமும் கிருபையும் சத்தியமும் உள்ளவர் என்கிறார். புலம்புகிறவர் நினைத்துக்கொண்டதும் அதே குணங்களைத்தான். யாத்திராகமம் 16-ல், வனாந்தரத்தில் தேவன் கொடுத்த உணவான மன்னா விடியற்காலந்தோறும் கிடைக்கிறது, அன்றன்றைக்குத் தேவையான அளவு மட்டும், மறுநாளுக்கு எடுத்து வைத்தது புழுத்துப்போகிறது. 'காலைதோறும்' என்ற கேள்விக்குப் பக்கத்தில் இதை எழுதுங்கள். புலம்பல் மன்னாவைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை, ஆகவே இதை முடிவாகச் சொல்லாமல் தியானிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: சொந்த வார்த்தையில் எழுதுங்கள்

இப்போது ஒரு பத்தி எழுதுங்கள், முதலில் அந்த மக்களுக்கு இது என்ன சொன்னது, அப்புறம் உங்களுக்கு என்ன சொல்கிறது. இந்த வரிசையை மாற்றாதீர்கள், மாற்றினால் நாம் கேட்க விரும்புவதையே வசனத்தின் வாயில் போட்டுவிடுவோம். விளக்கவுரை நூல்களை இதற்குப் பிறகு திறங்கள். எழுதியது அவற்றோடு ஒத்துவராத இடத்தில் மறுபடி வசனத்துக்கே போய்ப் பாருங்கள்.

சரி, அடுத்து தனியாக முயல சங்கீதம் 13 நல்ல தேர்வு, ஆறே வசனங்கள். 'எதுவரைக்கும்' எத்தனை முறை வருகிறது, எந்த வசனத்தோடு அது நின்றுபோகிறது என்று பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள்.