தண்ணீர்மலைப் பூங்காவில் தொண்டுக் குழுவுடன் களையெடுப்பது எப்படி?

பழைய கருங்கல் குவாரி இருந்த இடத்தில், சார்ல்ஸ் கர்ட்டிஸின் பொறுப்பில் 1884ஆம் ஆண்டு உருவானது பினாங்கு தாவரவியல் பூங்கா. நம்மவர்களுக்கு அது தண்ணீர்மலை முருகன் கோயிலை அடுத்துள்ள பூங்கா. அங்குத் தொண்டு செய்ய வருகிறவர்களில் பலர் மரம் நடப் போவதாக எண்ணிக்கொண்டு வருகிறார்கள். ஆனால் கையில் கிடைப்பது பெரும்பாலும் களையெடுக்கும் வேலைதான். ஆகவே அதை மட்டும் எழுதுகிறேன்.

படி 1: அனுமதி

ஏற்கெனவே இயங்கும் ஒரு குழுவில் சேர்ந்துகொள்வதே எளிது. சொந்தக் குழுவாகப் போவதென்றால் ஆள் எண்ணிக்கை, நாள், நேரம், பொறுப்பாளரின் தொலைபேசி எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டுப் பூங்கா நிர்வாகத்துக்கு மலாய் மொழியில் கடிதம் கொடுங்கள். தைப்பூச வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். சாலை நெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள் நிற்கும்போது கருவிகளை ஏற்றிய வண்டி உள்ளே நுழைய வழியிருக்காது.

படி 2: கருவிகள்

செடி கத்தரி, களைக்கொத்து, ரப்பர் பூசிய துணிக் கையுறை, பெரிய சாக்கு ஆகியவை போதும். பாராங் கத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள் என்பது என் உறுதியான கருத்து. கோத்தோங் ரோயோங் (ஊர் கூடிச் செய்யும் துப்புரவுப் பணி) என்றாலே பாராங்கும் புல்வெட்டும் இயந்திரமும்தான் என்று பழகிவிட்டோம். இங்கு இரண்டுமே தீங்கு செய்யும்: பாராங் களைக்கொடியைத் துண்டு துண்டாக்கும், இயந்திரத்தின் சுழலும் நரம்போ முதிய மரத்தின் அடிப்பட்டையைச் சீவிவிடும்.

படி 3: கொடியை அடையாளம் காண்பது

நாம் தேடுவது மைக்கானியா என்ற, மரங்களின் மேல் படரும் களைக்கொடி. தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்கள் ரப்பர் மரங்களுக்கிடையே இதைப் பார்த்திருப்பார்கள். இலை இதய வடிவில் இருப்பதால், புதியவர்கள் இதை வெற்றிலைக் குடும்பத்துக் கொடிகளோடு குழப்பிக்கொள்கிறார்கள். இலையை விட்டுவிட்டுக் கணுவைப் பாருங்கள். ஒரே கணுவில் இரண்டு இலைகள் எதிரெதிராக நின்றால் அது மைக்கானியா. கணுவுக்கு ஓர் இலையாக மாறி மாறி வந்தால் வெற்றிலையாகவோ மிளகாகவோ இருக்கலாம், கை வைக்க வேண்டாம். ஐயமிருந்தால் பூங்காப் பணியாளரைக் கேளுங்கள். பெயர்ப்பலகை இல்லாத சிறு கன்றும் யாரோ திட்டமிட்டு நட்டதாக இருக்கக்கூடும்.

படி 4: அறுப்பது

எனக்குக் கைவர நாளான படி இதுதான். கொடியைக் கண்டதும் பிடித்து இழுக்கத்தான் கை போகும். இழுத்தால் மேலே கிளை முறியும், கிளையில் தொற்றி வளரும் பெரணியும் ஆர்க்கிடும் சேர்ந்து கீழே வரும், கொடியும் பல இடங்களில் அறுந்து மண்ணில் சிதறும். மைக்கானியாவின் ஒவ்வொரு கணுவும் ஈர மண்ணைத் தொட்டால் வேர்விடக்கூடியது; ஆகவே சிதறிய துண்டுகளை விட்டுச் செல்வது புதிதாக நட்டுவிட்டுச் செல்வதற்குச் சமம்.

மார்பளவு உயரத்தில் கத்தரியால் ஒருமுறை வெட்டுங்கள். மேற்பகுதியை அப்படியே தொங்கவிடுங்கள். அது மரத்திலேயே காய்ந்துவிடும். கீழ்ப்பகுதியைக் கையால் தடவிக்கொண்டே தரைவரை போய், அது எங்கெங்கு வேர்விட்டிருக்கிறதோ அங்கெல்லாம் களைக்கொத்தால் மண்ணை இளக்கி, வேரோடு எடுத்து, நின்ற இடத்திலேயே சாக்கில் போடுங்கள். புல்தரை வழியே இழுத்துச் செல்லாதீர்கள். மரத்தடியில் ஆழமாகக் கொத்தவும் வேண்டாம், அங்கே மரத்தின் வேர்கள் இருக்கும். வெள்ளைப் பூ வருமுன்பே இந்த வேலை முடிந்தால் நல்லது. விதை முற்றினால் எருக்கம் விதையைப்போல் காற்றில் பறக்கும்.

படி 5: அப்புறப்படுத்துவது

சாக்கில் சேர்த்த கொடியை உரக்குழியில் போடாதீர்கள். பணியாளர்கள் காட்டும் சிமெண்டுத் தரையிலோ தார்ப்பாயிலோ பரப்பி, தண்டு ஒடியும் அளவுக்குக் காயவிட வேண்டும்.

பின்சேர்க்கை

குரங்குகளைப் பற்றி வாசகர்கள் கேட்டிருந்தார்கள். அங்குள்ள நீள்வால் குரங்குகளுக்கு நெகிழிப் பை என்றாலே தீனிதான். உணவை ஜிப் வைத்த முதுகுப்பையில் வையுங்கள், தீனி போடாதீர்கள், பல் தெரிய முறைத்துப் பார்க்காதீர்கள்.

பிள்ளைகளை அழைத்து வரலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். வெட்டும் வேலை அவர்களுக்கு வேண்டாம். மழைநீர் தேங்கிய டப்பாக்களையும் கோப்பைகளையும் கண்டுபிடித்துப் பெரியவர்களிடம் காட்டச் சொல்லுங்கள், ஏடிஸ் கொசு முட்டையிடும் இடங்கள் குறையும். நாகலிங்க மரத்தடியில் மட்டும் அவர்களை உட்காரவைக்காதீர்கள், அதன் காய் தலையில் விழுந்தால் காயம் நிச்சயம்.